ஈகையா? கடனா?

ஆலை ஒன்று மூடப்படுகிறது. இயந்திரங்கள் கழற்றப்படுகின்றன, பெட்டிகளில் அடைக்கப்படுகின்றன, கப்பலேறிக் கடல் கடக்கின்றன. அங்கே கூலி குறைவு, வரி குறைவு, ஆதாயம் மிகுதி என்று கணக்கு ஏடு சொல்லுகிறது. ஏடு சொல்வதை முதலாளி கேட்கிறார். போகும் இயந்திரத்துக்குப் பெட்டி உண்டு, பயணச் சீட்டு உண்டு, வழியில் உடைந்தால் காப்பீடும் உண்டு. அதன் முன்னே ஆண்டுக்கணக்கில் நின்ற மனிதருக்கு?

அவருக்கு அரசு உதவ வேண்டும் என்பதை மறுப்பவர் இன்று குறைவு. எந்த முறையில் உதவ வேண்டும் என்று கேட்டால்தான் குரல் தடுமாறுகிறது. ‘பாவம், ஏதாவது செய்யலாம்’ என்பார் ஒருவர். ‘நிதிநிலை இடங்கொடுத்தால் பார்க்கலாம்’ என்பார் மற்றொருவர். இரண்டிலும் ஒலிப்பது ஈகையின் குரல். ஈகை என்றால் கொடுப்பவர் மனம்போல் கொடுக்கலாம், கொடாமலும் இருக்கலாம், பெறுபவர் கைகட்டி நிற்க வேண்டும். கடன் என்றால் கொடுத்தே தீர வேண்டும். பெறுபவர் நிமிர்ந்து நின்று கேட்கலாம். நாடு விட்டு நாடு போன உற்பத்தியால் வேலை இழந்தவருக்கு அரசு செய்வது ஈகையா, கடனா? இக்கேள்விக்கு விடை காண முயல்வோம்.

இக்கேள்வியைத் தலைநகரத்து மாடியில் அமர்ந்து கேட்பது வேறு. புதியம்புத்தூரிலிருந்து கேட்பது வேறு. ஓட்டப்பிடாரம் வட்டத்தைச் சேர்ந்த நம் ஊர், வானம் பார்த்த கரிசல் பூமி. மழை பெய்தால் உளுந்து, பாசி, பருத்தி, மிளகாய். பொய்த்தால் வெடித்த நிலம், வெறும் வானம். அந்த வானத்தை மட்டும் நம்பியிராமல் தையற்பொறியையும் நம்பினர் இவ்வூர் மக்கள். புதியம்புத்தூர் என்றால் ஆயத்த ஆடை என்று வெளியூர் வணிகர் சொல்லுமளவுக்கு அத்தொழில் வளர்ந்தது. பட்டறையிலும் பொறி ஓடுகிறது. வீட்டுக்குள்ளும் பொறி ஓடுகிறது. கூலியோ உருப்படிக் கணக்கு. கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டித் தொழில். கடற்கரைப் பக்கம் உப்பளம். இவற்றுக்கும் அப்பால், வேலை தேடித் திருப்பூருக்கும் திருப்பெரும்புதூருக்கும் பேருந்து ஏறிய இளைஞரும் இளம்பெண்களும் கரிசல் ஊர்கள் எங்கும் உண்டு. ஆகவே, எங்கோ ஒரு நாட்டில் எவரோ இடும் கையெழுத்து, நம் தெருவில் ஓர் அடுப்பை அணைக்கும். மற்றோர் அடுப்பை மூட்டவும் செய்யும்.

உற்பத்தி நாடு மாறுவது நேற்று முளைத்த புதுமையன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லங்காஷயர் ஆலைத் துணி கப்பல் கப்பலாக வந்து இறங்கியபோது, இந்நாட்டு நெசவாளன் தன் தறியின் முன்னே கைபிசைந்து நின்றான். துணி இங்கே விற்றது. கூலி அங்கே போயிற்று. தறியை விட்டவன் வயலுக்குப் போனான். 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தில் வயலும் காய்ந்தபோது கஞ்சித் தொட்டிக்குப் போனான். அதுவும் போதாதபோது இலங்கைக்கும் மொரீசியசுக்கும் கப்பலேறினான். அன்றைய ஆட்சி நெசவாளிக்குத் தந்தது கஞ்சி. அது ஈகை. ‘உன் தொழிலை அழித்த வாணிபத்தால் நாம் ஆதாயம் அடைந்தோம், ஆகவே உனக்குக் கடன்பட்டோம்’ என்று அந்த ஆட்சி சொல்லவில்லை. சொல்லும் என்று எதிர்பார்த்தவரும் இல்லை.

வாணிபத்தையும் கூலியையும் ஒரே கேள்வியாகப் பார்த்த ஒருவர் நம் வட்டத்தில்தான் தோன்றினார். ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ. உ. சிதம்பரனார் 1906-ல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். 1908-ல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் பக்கம் நின்றார். கப்பல் யாருடையது என்பதோடு அவர் நிற்கவில்லை. ஆலையில் உழைப்பவன் வயிறு நிறைந்ததா என்றும் கேட்டார். நாட்டின் வாணிபம் வளர்ந்தது என்று முரசு கொட்டுவோர், அந்த இரண்டாம் கேள்வியையும் உடன் கேட்கக் கடமைப்பட்டவர்கள்.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2005-ல் தமிழ்நாட்டு அரசு நோக்கியா நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தது. 2006-ல் திருப்பெரும்புதூர்ச் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் கைப்பேசி உற்பத்தி தொடங்கிற்று. அரசு நிலம் தந்தது; வரிச் சலுகை தந்தது; தடையற்ற மின்சாரத்துக்கு வழி செய்தது. வேலை பெருகியது. உச்சத்தில் 8,000 பேருக்கும் மேல் அங்கே நேரடியாக வேலை செய்தனர்; சுற்றியிருந்த துணை ஆலைகளில் மேலும் பல்லாயிரவர். பள்ளிப் படிப்பை முடித்த கையோடு ஊரை விட்டு வந்த இளம்பெண்கள் அவர்களில் மிகப் பலர். மாதந்தோறும் சம்பளம் வந்தது. அண்ணன் தம்பி படிப்புக்கும் அம்மாவின் மருந்துக்கும் அடகு வைத்த நகையை மீட்கவும் அது பயன்பட்டது. ‘என் மகள் கம்பெனியில் இருக்கிறாள்’ என்று கரிசல் காட்டுத் தாய் தலைநிமிர்ந்து சொன்ன காலம் அது.

பிறகு வந்தது வழக்கு. 2013-ல் வருமான வரித்துறை 2,000 கோடி ரூபாய்க்கு மேல் வரிபாக்கி என்றது; அடுத்து மாநில அரசும் விற்பனை வரி கேட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் நோக்கியா தன் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாப்டுக்கு விற்க இசைந்தது. 2014 ஏப்ரலில் விற்பனை முடிந்தபோது, வரி வழக்கின் காரணமாகத் திருப்பெரும்புதூர் ஆலை மட்டும் அதில் சேரவில்லை. தாய் நிறுவனம் கைவிட்டது. புது நிறுவனம் கைப்பற்றவில்லை. விருப்ப ஓய்வுத் திட்டத்தில் 5,000-க்கும் மேற்பட்டோர் வெளியேறினர். இருபத்தைந்து வயதில் ஓய்வு! அதற்கு ‘விருப்பம்’ என்று பெயர்! மைக்ரோசாப்டு தன் உற்பத்தியை வியட்நாமில் குவித்தது. திருப்பெரும்புதூரில் வாங்குவதை நிறுத்தியது. 2014 நவம்பர் 1-ல் அந்த ஆலையின் ஓட்டம் நின்றது. அவ்வாண்டு டிசம்பரில் அருகிலிருந்த பாக்ஸ்கான் ஆலையும் நின்றது.

வரி கேட்டது குற்றமா? அன்று. வரியைக் கேட்பது அரசின் உரிமை. அதை எதிர்ப்பது நிறுவனத்தின் உரிமை. இருவருக்கும் வழக்கறிஞர் உண்டு, நீதிமன்றம் உண்டு, மேல்முறையீடு உண்டு. மூன்றாமவர் ஒருவர் இருந்தாரே, வாயிலில் நின்றவர், அவருக்கு அந்த வழக்கில் இடம் எங்கே? 2005-ன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் இருவர். 2014-ல் தெருவில் நின்றவர் மூன்றாமவர். நம் வாதத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இதே நிறுவனம் வேறு நாடுகளில் ஆலை மூடியபோது நடந்ததையும் பார்ப்போம். 2008-ல் செருமனியின் போஃகும் நகரத்து ஆலையை மூடி, உற்பத்தியை ருமேனியாவின் குளுஜ் பகுதிக்குக் கொண்டு சென்றது நோக்கியா. செருமானிய மாநில அரசு ‘நாங்கள் தந்த மானியத்தைத் திருப்பிக் கொடு’ என்று கேட்டது. பேச்சின் முடிவில், நகரத்தின் மறுவளர்ச்சித் திட்டத்துக்கு 2 கோடி யூரோ தர நிறுவனம் இசைந்தது. உலக வாணிப மாற்றத்தால் வேலை இழந்தோர்க்கென்று ஐரோப்பிய ஒன்றியம் 2007 முதல் நடத்திவந்த நிதியிலிருந்து, போஃகும் தொழிலாளரின் பயிற்சிக்கும் மறுவேலைக்கும் சுமார் 55 இலட்சம் யூரோ ஒதுக்கப்பட்டது. 2012-ல் பின்லாந்தின் சாலோ நகரத்து ஆலை உற்பத்தியை நிறுத்தியபோதும் அந்நிதி கைகொடுத்தது.

அங்கே எல்லாம் இன்பமயம் என்று சொல்லவில்லை நாம். போஃகும் தொழிலாளி வருந்தினார், தெருவில் இறங்கினார். ஆனால் அங்கே அரசு, ‘கொடுத்ததைத் திருப்பிக் கேட்கும் உரிமை எனக்கு உண்டு, இழந்தவரைத் தாங்கும் கடமையும் எனக்கு உண்டு’ என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னது. இங்கே கேட்கப்பட்டது வரி மட்டும். அதே நிறுவனம், அதே கைப்பேசி, அதே கதவடைப்பு! போஃகும் தொழிலாளியின் விரலுக்கு ஒரு விலை, திருப்பெரும்புதூர்ப் பெண்ணின் விரலுக்கு ஒரு விலையா?

போஃகும் இழந்ததைப் பெற்ற குளுஜ் என்ன ஆயிற்று? 2008-ல் திறந்த அந்த ஆலை 2011 முடிவில் மூடப்பட்டது. ‘ஆசியாவில் செய்வதே ஆதாயம்’ என்றது நிறுவனம். நேற்று வாங்கிய கை இன்று வெறுங்கை. 2006-ல் நம்மிடம் வேலை வந்தபோது, மேலைநாட்டுத் தொழிலாளி நம்மைக் ‘கூலி குறைத்துப் பறித்தவர்’ என்று ஏசியிருந்தால் ஏற்றிருப்போமா? ஏற்கமாட்டோம். அப்படியானால் 2014-ல் வியட்நாமியப் பெண்ணைத் திருடி என்று தூற்றவும் நமக்கு உரிமையில்லை. அவள் நம் அக்காளைப் போல, நம் தங்கையைப் போல, வயிற்றுக்காக வாயிலில் வந்து நின்றவள். கடன் அவள் தலையில் இல்லை. பிறகு யார் தலையில்?

இங்கே குறுக்கிடுகிறது பழைய குரல் ஒன்று. நாம் பாடம் சொல்லும் வகுப்பில் ஒரு சிறுவன் சில நாட்கள் வரவில்லை. காரணம் கேட்டோம். அவன் தாய் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவர், வேலை நின்றுவிட்டது. ‘என்ன சார் செய்ய? நம்ம தலையில எழுதுனது அம்புட்டுத்தான்’ என்றார் அந்த அம்மா.

அவர் தலையில் எழுதியது யார்? எழுதியவற்றை நாம் படித்துக் காட்டலாம். சீனத்திலிருந்து மலிவான பிளாஸ்டிக் லைட்டர் இறங்கிற்று. ஒரு லைட்டர் இருபது தீப்பெட்டியின் விற்பனையைப் பறிக்கிறது என்று உற்பத்தியாளர் கணக்குக் காட்டினர். மூலப்பொருள் விலை ஏறியதால், பல ஆண்டுகளாக ஒரு ரூபாய்க்கு விற்ற தீப்பெட்டி 2021 டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாய் ஆயிற்று. 2023 சூனில் ஒன்றிய அரசு, 20 ரூபாய்க்குக் குறைந்த விலையுள்ள லைட்டர்களின் இறக்குமதியைத் தடை செய்தது. அந்த அம்மையாரின் தலையெழுத்து என்பது இறக்குமதிக் கொள்கை, விலைப் பட்டியல், அரசாணை! எழுதிய கைகளுக்கு முகவரி உண்டு. எழுதிய நாளுக்குத் தேதி உண்டு. தேதியும் முகவரியும் உள்ள ஒன்றை விதி என்று சொல்வது எப்படிப் பொருந்தும்?

தலையெழுத்தை நம்பாதவர் என்று மார்தட்டும் படித்தவரிடமும் ஒரு புது விதி குடியேறியிருக்கிறது. ‘சந்தையின் விதி அப்படி, யார் என்ன செய்ய முடியும்?’ என்கிறார்கள். பழைய விதியைப் பிரமன் எழுதினான் என்றார்கள். புதிய விதியைச் சந்தை எழுதுகிறது என்கிறார்கள். பெயர் மாறிற்று, பணிந்து போ என்னும் அறிவுரை மாறவில்லை. சந்தை மழையைப் போல் தானாகப் பெய்வதன்று. சுங்க வரி, ஒப்பந்தம், சலுகை, தடை என்னும் கரைகளுக்குள் ஓடும் ஆறு அது. கரை கட்டுபவர் மனிதர். கரையை வெட்டியவர், வெள்ளம் வந்த வீட்டைப் பார்த்து ‘ஐயோ விதி’ என்று சொல்லலாமா?

விதியன்று, மனிதர் முடிவு என்று ஒப்புக்கொண்டால், பொறுப்பு என்னும் சொல் பின்னாலேயே வந்துவிடும். அரசின் கடனுக்கு இரண்டு வேர்கள் உண்டு.

முதல் வேர், அழைப்பு. ‘வாருங்கள்’ என்று நிறுவனத்தை அழைத்தது அரசு. ‘வேலை இருக்கிறது, வாருங்கள்’ என்று இளைஞரை அழைத்ததும் அரசின் விளம்பரமே. நம் ஊர்களில் சம்பந்தம் பேசி முடித்த பெரியவர், மாப்பிள்ளை வீட்டை விட்டு ஓடிப்போனால் ‘எனக்கென்ன’ என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட முடியுமா? பெண் வீட்டார் விடமாட்டார்கள், ஊரும் விடாது. பேசி வைத்தவருக்கு ஒரு பொறுப்பு உண்டு என்பது படிக்காதவரும் அறிந்த நியாயம். அதிலும் இங்கே பேசி வைத்தவர், வரதட்சணையாக மக்கள் வரிப்பணத்தை அள்ளிக் கொடுத்திருக்கிறார்!

இரண்டாம் வேர், ஆதாயம். உற்பத்தி எங்கே மலிவோ அங்கே நடந்தால் நாட்டுக்கு மொத்தத்தில் நன்மை என்கிறார் பொருளாதாரம் கற்றோர். இருக்கட்டும், மறுக்கவில்லை. கைப்பேசி மலிந்தது, நாமும் வாங்கினோம். ஆனால் ‘மொத்தம்’ என்பவருக்கு வயிறு இல்லை. வீட்டு வாடகை இல்லை. பள்ளிக்குப் போகும் பிள்ளை இல்லை. நன்மை ஊருக்கெல்லாம் சிறுகச் சிறுகப் பங்கிடப்படுகிறது. இழப்பு ஒரு தெருவின் தலையில் மொத்தமாக விழுகிறது. பத்துப்பேர் ஏறிப் பயணம் செய்யும் வண்டியை ஒருவரே தோளில் சுமக்கவேண்டும் என்பது என்ன நீதி?

இதற்கு அரசின் சட்டத்திலேயே சான்று உண்டு. சாலை போட ஒருவர் நிலம் வேண்டியிருக்கிறது. ‘சாலையால் எல்லோருக்கும் நன்மை, உன் நிலம் போனது உன் விதி’ என்று அரசு சொல்வதில்லை, இழப்பீடு தருகிறது. 2013-ல் இயற்றப்பட்ட நிலம் கையகப்படுத்தல் சட்டம் இன்னும் ஒரு படி ஏறிற்று. நிலத்தின் உரிமையாளர் மட்டுமன்று, அந்த நிலத்தில் மூன்றாண்டு உழைத்துப் பிழைத்த கூலியாளும் குத்தகையாளரும் கைவினைஞரும் கூடப் பாதிக்கப்பட்ட குடும்பமே என்று அது சொல்லிற்று. பிழைப்பு போவதும் இழப்பே என்று சட்டம் ஏற்றாயிற்று! நிலத்தைப் பொதுநன்மைக்காக எடுத்தால் அங்கே உழைத்தவருக்கு மறுவாழ்வு கடன். வேலையைப் பொதுநன்மைக்காகப் போகவிட்டால் மட்டும் ஈகையா? நிலம் கண்ணுக்குத் தெரியும் சொத்து. எட்டாண்டுப் பழக்கத்தால் விரல்நுனியில் சேர்ந்த தேர்ச்சி கண்ணுக்குத் தெரியாத சொத்து. இரண்டாவது சொத்து ஏழைக்கு மட்டுமே உரியது என்பதால்தான் அது ஏட்டில் ஏறவில்லையோ என்று ஐயுறுகிறோம்.

‘சட்டப்படி இழப்பீடு உண்டே’ என்பர். கணக்குப் பார்ப்போம். ஆட்குறைப்புக்கு ஆண்டுக்குப் பதினைந்து நாள் ஊதியம் என்பது 1947-ன் தொழில் தகராறு சட்டத்தில் 1953-ல் சேர்க்கப்பட்ட விதி. எட்டாண்டு உழைத்தவருக்கு 120 நாள் ஊதியம். நான்கு மாதம்! ஐந்தாம் மாதம் அரிசிக்கடைக்காரர் சட்டப்புத்தகத்தை வாங்கிக்கொள்வாரா? 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம், வேலையாள் மறுபயிற்சி நிதி என ஒன்றைச் சேர்த்து, மேலும் பதினைந்து நாள் ஊதியத்தை முதலாளி கட்டவேண்டும் என்கிறது. பதினைந்தே நாள் கூலியில் ஒரு புதுத் தொழிலைக் கற்று முடிக்கும் வித்தையை எந்தப் பள்ளியில் சொல்லித்தருகிறார்களோ, ஆசிரியராகிய நாம் அறியோம். அதே சட்டம், அரசின் முன் அனுமதியின்றி மூடமுடியாத ஆலையின் அளவை 100 தொழிலாளரிலிருந்து 300-ஆக உயர்த்தியும் விட்டது. கொடுத்தது கையளவு, எடுத்தது முழத்தளவு.

அரசு ஒன்றுமே செய்ததில்லை என்று சொல்வது பொய்யாகும். பொய் சொல்லி வாதத்தை வெல்ல நாம் விரும்பவில்லை. 1986-ல் மூடப்பட்ட தனியார் துணி ஆலைத் தொழிலாளருக்கென ஒரு மறுவாழ்வு நிதி தொடங்கப்பட்டது. முதலாண்டு ஊதியத்தில் 75 விழுக்காடு, இரண்டாமாண்டு 50, மூன்றாமாண்டு 25 என்பது அதன் ஏற்பாடு. மூன்றாண்டுக் காலம் மெல்ல மெல்லத் தரையில் இறக்கிவிடும் ஏணி அது, நல்ல ஏற்பாடு. ஆயினும் ஐந்தாண்டுத் தொடர்ச்சியான பணி முதலிய நிபந்தனைகள் வாயிலை ஒடுக்கின. ஒரே தொழிலுக்கு உரியதாக நின்றது. 2017-ல் வேறு திட்டத்தோடு இணைந்து மறைந்தது. 1991-ன் பொருளாதார மாற்றத்துக்குப் பின், 1992-ல் தேசியப் புதுப்பிப்பு நிதி வந்தது. பயிற்சியும் மறுவேலையும் அதன் நோக்கம். பணத்தின் பெரும்பகுதியோ பொதுத்துறை நிறுவனங்களின் விருப்ப ஓய்வுத் தொகையில் கரைந்தது. 2018-ல் தொழிலாளர் ஈட்டுறுதிக் கழகத்தின் வழியே மற்றொரு திட்டம் வந்தது: வாழ்நாளில் ஒருமுறை, 90 நாள் வரை, ஊதியத்தில் 25 விழுக்காடு, கொரோனாக் காலத்தில், 2020-ல், அது 50 விழுக்காடாயிற்று. ஏணி சிறுத்துப் படிக்கட்டாயிற்று. படிக்கட்டும் சிறுத்து ஒற்றைக் கல்லாயிற்று.

உதவி யாரை எளிதில் அடைகிறது என்பதற்கு 2025-ஐ நினைவூட்டுவோம். அவ்வாண்டு ஆகஸ்டு 27-ல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீது 50 விழுக்காடு வரி சுமத்தியது. பின்னர் அந்த வரி எப்படி மாறினாலும், அந்த மாதங்களில் திருப்பூர் திகைத்தது. வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் ஆணைகள் போய்விடுமே என்று அஞ்சியது. ஒன்றிய அரசு பஞ்சு இறக்குமதி வரியை நீக்கியது. நவம்பரில் ஏற்றுமதியாளருக்கு 20,000 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு உறுதி நின்றது. செய்யட்டும், தொழில் நின்றால்தான் வேலை நிற்கும். ஆனால் இரவுப்பணி நின்றுபோன தையற்பெண்ணின் பெயரில் ஒரு தாள் எழுதப்பட்டதா? முதலாளியின் கடனுக்கு அரசு ஜாமீன்; தொழிலாளியின் கடனுக்குக் கந்துவட்டிக்காரர்!

இப்போது எதிர்வாதங்களுள் வலிமை மிக்கதை எடுப்போம். ‘ஆலைத் தொழிலாளிக்கு மட்டும் ஏன் தனிச் சலுகை? மழை பொய்த்துக் கெட்ட கரிசல் உழவர் இல்லையா? புது இயந்திரத்தால் வேலை போனவர் இல்லையா? அவர் கண்ணீர் உப்பு, இவர் கண்ணீர் மட்டும் தேனா?’ இது நேர்மையான கேள்வி. அமெரிக்கா இக்கேள்வியில்தான் இடறியது. 1962-ல், வெளிநாட்டு வாணிபத்தால் வேலை இழந்தோர்க்கென அந்நாடு தனிச் சட்டம் இயற்றிற்று. ‘உன் வேலை போனதற்கு இறக்குமதியே காரணம் என்று மெய்ப்பி’ என்றது சட்டம். மெய்ப்பிப்பது எப்படி? 1969 வரை ஒரு தொழிலாளர் விண்ணப்பமும் ஏற்கப்படவில்லை! 1974-ல் நிபந்தனையைத் தளர்த்தினார்கள். பல இலட்சம் பேர் பயன் பெற்றனர். 2022 சூலையோடு புது விண்ணப்பம் பெறுவது நின்றுபோயிற்று. பசித்தவனிடம் பசிக்குக் காரணம் கேட்டு விசாரணை நடத்தினால், தீர்ப்பு வருவதற்குள் பசித்தவன் இருக்கமாட்டான்.

ஆகவே நம் விடை இது. உதவிக்கு அளவுகோல் இழப்பாக இருக்கவேண்டும். இழப்பின் காரணமாக இருக்கக்கூடாது. உழவரும் இயந்திரத்தால் வேலை இழந்தவரும் அந்த உரிமைக்கு உரியவரே. ஆயினும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுச் சலுகை அளித்த இடத்தில், கடன்பட்டவர் யாரென்று தேட வேண்டியதில்லை; கையெழுத்தே காட்டிக்கொடுக்கும். அங்கே தொடங்குவோம் என்கிறோம். அங்கேயே முடிப்போம் என்று சொல்லவில்லை. ஓர் அறையில் விளக்கேற்றுவது, மற்ற அறைகள் இருளிலேயே கிடக்கட்டும் என்பதற்கன்று.

‘உதவினால் சோம்பேறியாவர்’ என்று ஒரு வாதம் உண்டு. அறுநூறு கிலோமீட்டர் கடந்து, எண்சாண் அறையில் பலரோடு படுத்து, இரவு பகல் மாறி மாறி நின்றுகொண்டே வேலை செய்தவரையா சோம்பேறி என்கிறீர்கள்? கடனுறுதி பெற்ற ஏற்றுமதியாளர் சோம்பேறியாவார் என்று எவரும் சொல்லக் கேட்டதில்லை. பெரிய தொகை ஊக்கம் தரும், சிறிய தொகை சோம்பல் தரும் என்பது எந்த நாட்டு உளநூலோ!

பயிற்சி தந்தால் போதும் என்பாரும் உளர். பயிற்சி வேண்டும், கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட நாம் அதைக் குறைத்துப் பேசமாட்டோம். ஆனால் முடிவில் வேலையில்லாத பயிற்சி ஏட்டுச் சுரைக்காய். மூன்று மாதம் கணினி கற்றதாக ஒரு சான்றிதழ். அதைச் சட்டமிட்டு மாட்டச் சுவரும் இல்லாத வீடு. திருமணமாகிக் கைக்குழந்தையோடு ஊர் திரும்பிய பெண்ணுக்கு, அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் பயிற்சி என்றால் அது இல்லையென்று சொல்வதன் மரியாதையான வடிவம்.

அப்படியானால் நாம் கேட்பது என்ன? சலுகை தரும் நாளிலேயே, ‘குறித்த காலத்துக்குள் உற்பத்தியை அகற்றினால், பெற்ற சலுகையில் ஒரு பங்கு தொழிலாளர் மறுவாழ்வு நிதிக்குத் திரும்பவேண்டும்’ என்று ஒப்பந்தத்தில் எழுதுக. அந்த ஒப்பந்தத்தை மக்கள் படிக்கும்படி வெளியிடுக. வேலை இழந்தவருக்கு 1986-ன் ஏணியை, 75, 50, 25 என்னும் மூன்றாண்டு ஏணியை, எல்லாத் தொழிலுக்கும் பொதுவாக்குக. பயிற்சியை அவர் ஊருக்கு அருகே, கிடைக்கக்கூடிய வேலையோடு சேர்த்துத் தருக. யாவற்றுக்கும் முன்னே, தொழிலாளி என்பவர் யார் என்பதை விரித்து எழுதுக.

இந்தக் கடைசிக் கோரிக்கையில்தான் புதியம்புத்தூரின் உயிர் இருக்கிறது. நிரந்தரத் தொழிலாளிக்காவது வருகைப் பதிவேடு உண்டு. பதிவேட்டில் பெயர் உண்டு. பெயர் இருப்பதால் நட்டஈடு உண்டு. ஒப்பந்தத் தொழிலாளி பெயர் இடைத்தரகரின் நோட்டில். வீட்டில் பொறி போட்டு உருப்படிக் கணக்கில் தைக்கும் பெண்ணின் பெயரோ எந்த நோட்டிலும் இல்லை. ஈட்டுறுதிக் கழகம் பத்துப்பேருக்குக் குறையாத நிறுவனத்தையே நோக்குகிறது. அவள் வீட்டில் ஒரே பொறி. தையல் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது, நல்லதே. விபத்து, மரணம், மகப்பேறு, பிள்ளைகளின் கல்வி, முதுமை ஆகியவற்றைச் சுற்றியே அதன் உதவிகள் அமைந்தன. வேலை நின்றுபோகும் நாளுக்கு அதில் என்ன உண்டு? நாளை மலிவான ஆயத்த ஆடை வேறொரு நாட்டிலிருந்து குவிந்து, இவ்வூர்ப் பொறிகள் ஓய்ந்தால், எத்தனை பேர் வேலை இழந்தனர் என்று எண்ணுவதற்குக்கூட ஏடு இல்லை. எண்ணப்படாதவரின் இழப்பு, நடக்காத இழப்பாகவே அரசு அறிக்கையில் நிற்கும்.

இளைஞரே, நம்மால் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. நம் தெருவில் பொறி மிதிப்பவர் எத்தனை பேர், தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவர் எத்தனை பேர், வெளியூர் ஆலையிலிருந்து திரும்பி வந்தவர் எத்தனை பேர் என்று எழுதுவோம். நல வாரியத்தில் பெயர் பதியாதவரைப் பதியச் செய்வோம். கிராம சபையில் அந்தப் பட்டியலை வைப்போம். தொழிலாளர் அலுவலகத்துக்கு ஒரு படி அனுப்புவோம். ‘தலையெழுத்து’ என்று சொல்லும் தாய்மாரிடம், அந்த எழுத்தை எழுதிய அரசாணையின் நாளையும் எண்ணையும் படித்துக் காட்டுவோம். கடனைக் கேட்கப் போகிறவருக்குக் கணக்கு வேண்டும். கணக்கு இல்லாமல் கேட்டால் அது மனு. கணக்கோடு கேட்டால் அது உரிமை.

அந்தக் கணக்கோடு அரசின் வாயிலுக்குப் போகும் தொழிலாளி, இரவலர் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. இந்நாட்டின் ஏற்றுமதிப் பெருமையை விரலால் செய்து கொடுத்தவர் அவர், வாங்கிக்கொண்டவர் நாம். கடன்பட்டவர் தலைகுனியட்டும், கடன் கொடுத்தவர் ஏன் குனிய வேண்டும்?